மொட்டை மாடியில் வெடித்த படகு

வெள்ளிக்கிழமை மதியம். முல்லா வீதி ஆண்கள் மொத்தப் பேரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரம். தெருவில் காக்காய் நடந்தால்கூடக் காலடிச் சத்தம் கேட்டிருக்கும். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலிருந்த ரமீஜா, அடுப்படியில் தாளிச்சாவுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தலைக்கு மேலே அது வெடித்தது.

‘டமார்!’

புளிக்கிண்ணம் மேடையில் கவிழ்ந்தது. சிலிண்டரா? இல்லை, அது காலடியில் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரா? இல்லை, ஃபேன் ஓடுகிறது. சத்தம் வந்தது மேலேயிருந்து. மொட்டை மாடியிலிருந்து.

மொட்டை மாடியில் வெடிப்பதற்கு என்ன இருக்கிறது? தண்ணீர் டேங்க் ஒன்று. அதை விட்டால் அவள் புருஷன் கட்டிய படகு ஒன்று.

“யா அல்லா… போட்டு!”

துப்பட்டாவை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு ரமீஜா படியேறினாள். முழங்கால் வலிக்காரி, இரண்டிரண்டு படியாகத் தாண்டினாள்.

அவள் புருஷன் நுஃமானுக்குப் படங்களுக்கு பிரேம் போடும் தொழில். நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை. கல்யாண போட்டோ, மக்கா மதீனா, வேளாங்கண்ணி மாதா, வள்ளி தெய்வானையோடு முருகன், மாலை போட்ட தாத்தாக்கள்… யாராக இருந்தாலும் நான்கு கட்டைக்குள் அடக்கிவிடுவார். வேலை செய்யும்போது கை எவ்வளவு ஓடுமோ அவ்வளவு வாயும் ஓடும். ஒரே மகள் லமீஸைக் கட்டிக்கொடுக்கும்வரை அப்படித்தான் இருந்தார்.

மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட். ரெயூனியன் தீவில் வேலை. மகளை விமானம் ஏற்றிவிட்டு வந்த நுஃமான் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தவர், ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டால் “ம்.” கடை திறக்கலையா என்றால் “ம்.” ரமீஜா வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தாள். அதற்கும் “ம்”தான். முப்பது வருஷமாக உப்புக்குச் சண்டை போட்ட மனுஷன்! அன்றைக்குத்தான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

ஒரு நாள் லமீஸ் அங்கேயிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். நீலத் தண்ணீரில் ஒரு கிழவர் ஒல்லியான மரப்படகு ஒன்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிறார். மெல்லிய மரப் பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டியே செய்த படகு. கயாக் என்று பெயராம். “அத்தா, ஒங்க கடை பிரேம் கட்டை மாதிரியே இருக்கு பாருங்க” என்று மகள் கீழே எழுதியிருந்தாள். நுஃமான் அதை ஒரு தடவை பார்த்தார். மறுபடி பார்த்தார். எழுந்து உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடியை அளக்கப் போய்விட்டார்.

ரமீஜா குதித்தாள். “நீச்சல் தெரியாத மனுஷனுக்குத் தோணி எதுக்கு?”

“தெரியாதவனுக்குத்தான் தோணி வேணும். தெரிஞ்சவன் நீஞ்சிப் போயிடுவானே.”

பதில் வந்துவிட்டது! ‘ம்’ இல்லை, முழு வாக்கியம்! உள்ளுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டே வெளியே முறைத்தாள். நிபந்தனையும் போட்டாள். கைக்காசுக்குள் முடியவேண்டும். கவிழ்ந்தாலும் முழுகக்கூடாது. “எங்கயாவது ஒரு விரிசல், ஒரு ஒழுகல் பாத்தேன்… அன்னிக்கே அது வெறகு. சம்மதமா?”

“சம்மதம் புள்ள. முன்னாடி மூக்குல ஒண்ணு, பின்னாடி வால்ல ஒண்ணு, ரெண்டு காத்துப்பெட்டி வெக்கிறேன். சொட்டுத் தண்ணி பூராது. நீயே குத்தினாலும் முழுவாது.”

வாங்கினது கொஞ்சம், பொறுக்கினது மிச்சம். எடை குறைவு, விலையும் குறைவு என்று மலைவேம்புப் பலகை வாங்கி, கடை ரம்பத்தில் மெல்லிய பட்டைகளாக அறுத்தார். பழைய ஷோகேஸ் பலகையில் அச்சுகள் வெட்டி வரிசையாக நிறுத்தினார். பார்க்க மீன் முள் மாதிரி இருந்தது. அந்த முள்ளின் மேல் ஒவ்வொரு பட்டையாக வளைத்து, பசை தடவி, பின் அடித்து, பசை காயும்வரை கிழித்த சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினார். பசை காய்ந்ததும் பின்னைப் பிடுங்குவார், அடுத்த பட்டை. மேலே ஃபைபர் துணி போட்டு ரெசின் பூசுவதற்குக் குருசுக்குப்பத்திலிருந்து வடிவேல் வந்தான். மீன்பிடிப் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். நுஃமானின் பழைய வாடிக்கையாளன், வாய்த்துடுக்கில் அவருக்குச் சரியான ஜோடி.

“இன்னா பாய், கண்ணாடிக்கு பிரேம் போட்டீங்க, படத்துக்கு பிரேம் போட்டீங்க, கடைசியில கடலுக்கே பிரேம் போடப் போறீங்களா?”

“ஒன் வாய்க்கு ஒண்ணு போடலாம்னு பாக்கறேன். அளவு கெடைக்க மாட்டேங்குது.”

இதையெல்லாம் கீழே நின்று கேட்கும்போது ரமீஜாவுக்கு ஆபீஸ் களைப்பு போய்விடும். அவர் இரண்டாவது டீ கேட்க ஆரம்பித்தார். உப்புக்குச் சண்டை போட ஆரம்பித்தார். நேற்று வியாழக்கிழமை படகுக்குக் கடைசிப் பூச்சு, நல்ல ரோஸ்வுட் கலர் பாலிஷ். நாளை மறுநாள், ஞாயிறு காலை, தேங்காய்த்திட்டில் வெள்ளோட்டம். இன்று காலை தார்பாயை உருவிவிட்டு, “நல்லா வெயில் பட்டுக் காயட்டும்” என்று சொல்லிவிட்டுத்தான் மனுஷன் குளித்து அத்தர் போட்டு ஜும்மாவுக்குக் கிளம்பினார்.

கடைசிப் படியை மிதித்த ரமீஜா அப்படியே நின்றாள்.

இரண்டு ஸ்டூல் மேல் படகு அசையாமல் கிடந்தது. ஆனால் அதன் மூக்கு பிளந்திருந்தது. மேல்தட்டும் அடிப்பாகமும் சேரும் ஓரத்தில் ஒரு முழத்துக்கு வாய். மேல்தட்டில் ஒரு பட்டை முறிந்து துருத்திக்கொண்டு நின்றது. மரச் சிலாம்புகள் கைப்பிடிச் சுவர்வரைக்கும் தெறித்துக் கிடந்தன.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை. அடுத்த நொடி ஆத்திரம். எவன்டா செஞ்சது? பக்கத்து மாடியில் யாரும் இல்லை. கல் இல்லை, கட்டை இல்லை. மாடிக்கதவைத் திறந்ததே அவள்தான். வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான்.

மூன்றாவதாக வந்தது பயம்.

வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான்! தோணி வேண்டாம் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினதும் அவள்தான். வெறகு என்று சொன்னதும் அவள்தான். ஜும்மா முடிந்து வருகிற மனுஷன் வேறு யாரைச் சந்தேகப்படுவார்? சந்தேகப்பட்டால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். மறுபடி போய் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டால்?

இடுப்பில் சொருகியிருந்த செல்போன் அலறியது. வீடியோ கால். லமீஸ்.

“அம்மா, பிரியாணியா தாளிச்சாவா? ஏன் ஒங்க மொகம் இப்படி இருக்கு?”

ரமீஜா போனைத் திருப்பிக் காட்டினாள்.

“அய்யோ! அம்மா! நீங்களா?”

“அடிப்பாவி, நீயுமா! பெத்த மவளே இப்படிக் கேட்டா கட்டினவரு என்னா கேக்க மாட்டாரு?”

“இல்லம்மா, டென்ஷன்ல வந்துடுச்சு. கிட்ட போய்க் காட்டுங்க.”

கிட்டே போனாள். முறிந்த பட்டையைத் தொட்டாள். கை சுட்டது. விளிம்பு வெளிப்பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து யாராவது அடித்திருந்தால் பட்டை உள்ளே அல்லவா போயிருக்கவேண்டும்? சிலாம்பெல்லாம் படகுக்குள் அல்லவா விழுந்திருக்கவேண்டும்?

“லமீஸ்… இத யாரும் ஒடைக்கலடி. இது உள்ளேருந்து ஒடைஞ்சிருக்கு.”

“உள்ளேருந்தா? உள்ள யாரும்மா இருக்கா?”

நல்ல கேள்விதான். ரமீஜாவுக்கே ஒரு கணம் முதுகில் சிலீர் என்றது.

‘கிர்ர்ர்…’

சத்தம் படகின் பின்பக்கத்திலிருந்து வந்தது. யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி. அவள் குனிந்து பார்த்தாள். நேற்றுவரை பலகைபோல் நேராக இருந்த வால்பக்க மேல்தட்டு, இப்போது லேசாகப் புடைத்திருந்தது.

லாஸ்பேட்டை ஆபீஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் அவள் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. சீட்டுக்கு அடியில் மூடிவைத்த காலி பாட்டில், சாயங்காலம் பார்த்தால் உப்பிப்போய் உட்கார்ந்திருக்கும். மூடியைத் திருகினால் ‘புஸ்’ என்று பெருமூச்சு விடும்.

“ஒங்கத்தா அடைச்சது காத்துப்பெட்டிதானே?”

“ஆமாம்மா, ரெண்டு. சொட்டுத் தண்ணி பூராதுன்னு பெருமையா காட்டினாரே.”

“தண்ணி உள்ள பூராதுன்னா காத்தும் வெளிய வராதுல்ல? ரோஸ்வுட் கலர் வேற, வெயில இழுத்துக் குடிச்சிருக்கு. உள்ள காத்து சூடாகிப் புடைக்கிது! மூக்கு போயிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல வாலும் போயிடும்!”

பிரேமின் பின்பக்கத்தைத் தாள் ஒட்டி, டேப் ஒட்டி, ஈரமும் பூச்சியும் நுழையாமல் அடைப்பதில் புதுச்சேரியிலேயே நுஃமானுக்கு நிகரில்லை. அந்தக் கைவரிசையை மனுஷன் படகிலும் காட்டிவிட்டார். அதுவும் யாருக்காக? முழுகக்கூடாது என்று இவள் போட்ட நிபந்தனைக்காக.

‘கிர்ர்ர்…’

“அம்மா! தண்ணி ஊத்துங்க! ஆறட்டும்!”

ரமீஜா ஓடினாள். டேங்க் குழாயைத் திறந்து வாளியைப் பிடித்தாள். கையில் பட்ட தண்ணீர் டீ போடுகிற பதத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் மொட்டை மாடி டேங்க் வேறு எப்படி இருக்கும்! தார்பாய்? ஒருத்தியாக இழுத்துப் போர்த்த முடியாத கனம். கீழே போய்த் தண்ணீர் கொண்டுவர நேரமில்லை.

அவள் பார்வை சுவரோரம் கிடந்த கருவிப்பெட்டியில் நின்றது. பேட்டரி டிரில்.

கல்யாணமான புதிதில், கடையில் ஆள் வைக்க வசதியில்லாத காலத்தில், பிரேம்களுக்குக் கொக்கி மாட்ட ஓட்டை போட்டதெல்லாம் ரமீஜாதான். கை மறக்கவில்லை. மெல்லிய பிட் ஒன்றைப் பொருத்தினாள். எங்கே போடுவது? மேல்தட்டில் போட்டால் ஒரு நொடி வேலை. ஆனால் அந்தப் பாலிஷை அவர் எத்தனை நாள் தடவினார்! மேலே வடு விழக்கூடாது. ஆள் உட்காருகிற குழிக்குள் தலையை விட்டு, காத்துப்பெட்டியை அடைத்திருக்கும் உள்பக்கத் தடுப்புப் பலகையில் போடவேண்டும்.

“அம்மா, அது வெடிச்சா ஒங்க மூஞ்சியிலதான் வெடிக்கும்!”

“வெடிச்சா ஒங்கத்தா பிரேம் போட்டு மாட்டிடுவாரு, விடு.”

போனை டேங்க்மேல் சாய்த்துவைத்துவிட்டு, படகுக்குள் தலைகீழாகப் புகுந்தாள். தலையும் தோளும் உள்ளே, காலிரண்டும் வெளியே ஆகாயத்தில். உள்ளே அனல். ரெசின் நெடி கண்ணைக் கரித்தது. தடுப்புப் பலகையைத் தடவினாள், தொப்பை போட்டிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி அமுக்கினாள்.

டிரில் உறுமியது. பலகை எதிர்த்தது. பிறகு சட்டென்று கை இறங்கியது.

‘புஸ்ஸ்ஸ்ஸ்…’

சுடச்சுட ஒரு மூச்சு அவள் கன்னத்தில் அடித்தது. அவளும் ஒரு மூச்சு விட்டாள்.

“ரமீ.”

வெளியேயிருந்து வந்த குரல் அது. மெதுவான குரல். கத்தியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு திக்கென்று இருந்திருக்காது.

தத்தளித்து வெளியே வந்தாள். தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக நுஃமான் நின்றிருந்தார். பின்னால் வடிவேல், ஞாயிற்றுக்கிழமைக்காக யாரிடமோ இரவல் வாங்கிய ஆரஞ்சு மிதவைச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு. இருவர் கண்ணும் பிளந்த மூக்குக்குப் போயின. அவள் கையிலிருந்த டிரில்லுக்கு வந்தன. கையும் களவுமாகப் பிடிபட்டவள்கூட இதைவிட நல்ல நிலையில் இருந்திருப்பாள்.

“இன்னாக்கா பண்ணிட்ட…” என்று வடிவேல் வாயைப் பொத்திக்கொண்டான்.

நுஃமான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “புடிக்கலன்னா வாயால சொல்லியிருக்கலாமே, ரமீ.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னா சொன்னீங்க? வாயால சொல்லாம இருக்கறவளா நானு? முப்பது வருஷத்துல ஒரு தடவ ஒங்களுக்குத் தெரியாம ஏதாவது செஞ்சிருக்கேனா? ஒடைக்கணும்னு நெனச்சா ஒங்க எதுர்லயே ஒடைப்பேன், இப்படித் தலைகீழாத் தொங்கிக்கிட்டா ஒடைப்பேன்? இங்க வாங்க!”

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பிளந்த ஓரத்தில் வைத்தாள். “தடவுங்க. உள்ள போயிருக்கா, வெளிய வந்திருக்கா?”

விரல் ஓரத்தில் ஓடியது. நின்றது.

“இப்ப இங்க குனிங்க.”

குழிக்குள் அவர் கையை இறக்கி, தடுப்புப் பலகையின் புது ஓட்டையில் வைத்தாள். இன்னும் மெல்ல மெல்லச் சூடாக மூச்சு வந்துகொண்டிருந்தது.

நுஃமானுக்குப் புரிந்துவிட்டது. ஒருவரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொழில்காரர் கை அது. மெதுவாக நிமிர்ந்து, ஸ்டூல் பக்கத்தில் வெறுந்தரையிலேயே உட்கார்ந்தார்.

“மூச்சு விட ஒரு ஓட்ட வுடல நானு.”

“நானும்தான் பாய் பூசினேன்” என்றான் வடிவேல் பாவமாக. “எங்க போட்டெல்லாம் தொறந்த போட்டு. அதுக்கு எங்க மூச்சு முட்டப் போவுது? எனக்கும் தோணல.”

டேங்க்மேலிருந்து ஒரு குரல் ஆகாயத்தைப் பார்த்துக் கத்தியது: “அத்தா! அம்மா மேல தப்பில்ல! நான் சாட்சி!”

நுஃமான் சிரிப்பார் என்று ரமீஜா எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்தார், டிரில் தூசியைத் துடைத்துவிட்டார். “மன்னிச்சுக்க” என்றார். எழுந்து படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: “நீ சொன்ன மாதிரிதான். ஒரு விரிசல்னாலும் வெறகு. வெட்டறதுக்கு ஆள் வரச்சொல்லிடு.”

ரமீஜா இறங்கிப் போய்ப் பார்த்தபோது சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஃபேனுக்கு அடியில் மல்லாந்திருந்தார்.

“சோறு போடட்டா?”

“ம்.”

போட்டாள். ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

“தாளிச்சால உப்பு ஜாஸ்தியா?”

“ம்.”

பாத்திரம் கழுவினாள். துடைத்தாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். விறகு என்ற வார்த்தையை எந்த நேரத்தில் வாயில் எடுத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “நான் சும்மா சொன்னதுங்க அது” என்றாள். “ஓட்டைய அடைக்கிற மாதிரி இதையும் அடைச்சிடலாம்ல?” ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஃபேனை எடைக்குப் போடவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, சாயங்கால அசர் தொழுதுவிட்டு, மறுபடி மாடியேறினாள்.

வெயில் இறங்கியிருந்தது. குருசுக்குப்பம் போய்த் திரும்பியிருந்த வடிவேல் ரெசின் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான்.

“பாயைக் கேக்காம நான் கை வெக்க மாட்டேன்கா. அவரு சாமான் அது.”

“நீ வெக்காத. நான் வெக்கிறேன்.”

கருவிப்பெட்டியிலிருந்து உப்புத்தாள் ஒன்றை எடுத்தாள். படகின் பின்பக்கம், சரியாகப் படுக்கையறைக்கு மேலே வருகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். அந்த ரோஸ்வுட் பாலிஷை, மரத்தின் வரிக்குக் குறுக்காக, பலம் கொண்டமட்டும் தேய்க்க ஆரம்பித்தாள்.

‘கர்ர்ரக்… கர்ர்ரக்…’

வடிவேல் காதைப் பொத்திக்கொண்டான். “அக்கா, குறுக்கால தேய்க்கக் கூடாதுக்கா! கோடு கோடா வுழும்!”

“தெரியும். பேசாம இரு.”

‘கர்ர்ரக்… கர்ர்ரக்…’

மர வேலைக்காரன் வீட்டில் முப்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாதா? குழந்தை அழுதாலும் எழுந்திருக்க மாட்டான், குறுக்கே தேய்க்கிற சத்தம் கேட்டால் எழுந்து ஓடிவருவான். கடையில் எத்தனை வேலைக்காரர்கள் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்! அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கீழே ஏதோ நகர்ந்தது. நிறுத்திக் காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி தேய்த்தாள். கை வலித்தது. இத்தனை நாள் அவர் பூசின பளபளப்பில் கோடு கோடாகக் கீறல் விழுவதைப் பார்க்க அவளுக்கே கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை.

தடதடவென்று படி அதிர்ந்தது.

“யாரு அது! குறுக்கால தேய்க்கறது யாரு! அறிவு இருக்கா, வரி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்க வேணாம்?” பனியனும் கைலியுமாக நுஃமான் மூச்சிரைக்க வந்து நின்றார். “ரமீ! நீயா! ஒனக்குத் தெரியாதா?”

“வெறகுதானே” என்றாள் ரமீஜா நிமிராமலே. “குறுக்கால தேச்சா என்னா, நெடுக்கால தேச்சா என்னா?”

“குடு இப்படி!”

“மாட்டேன்.”

“குடுன்னா குடு, புள்ள!”

பிடுங்கினார். கீறலைத் தடவிப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். உப்புத்தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி, வரியோடு நீளவாக்கில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். “இப்படி. தெரியுதா? இப்படி.” இன்னொரு இழுப்பு. இன்னொன்று. கறுஞ்சிவப்புப் பாலிஷ் தூளாகப் பறக்க, அடியிலிருந்து மலைவேம்பின் வெளிர்நிறம் எட்டிப் பார்த்தது. கை நின்றது. குனிந்து அதையே பார்த்தார்.

“வடிவேலு.”

“பாய்.”

“இந்தக் கலர்லயே வுட்டுட்டா வெயிலு இவ்ளோ இழுக்காதுல்ல?”

“நான் அதத்தான் அன்னிக்கே…”

“அன்னிக்கு நீ ஒண்ணும் சொல்லல. வாய மூடிக்கிட்டு அந்த ஓரத்துலேருந்து தேய். வரியோட தேய்.”

ரமீஜா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே தேய்ப்பதைப் பார்த்தாள். பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு வந்தபோது நுஃமான் தலைமுடியெல்லாம் தூசியோடு திரும்பி, “தாளிச்சா மிச்சம் இருக்கா? மத்தியானம் போட்டியே, அதுல உப்பு ஜாஸ்திதான்” என்றார்.

அல்ஹம்துலில்லாஹ்.

அந்த ஞாயிறு போய், அதற்கடுத்த ஞாயிறுதான் வெள்ளோட்டம். பிளந்த ஓரத்தை ஒட்டி, முறிந்த பட்டையை எடுத்துப் புதுப்பட்டை வைத்து, மேலே ஃபைபர் துணி போட்டிருந்தார்கள். மூக்குக்குள் இருந்த தடுப்பிலும் ஒரு மூச்சு ஓட்டை. அதை ரமீஜா கையாலேயே போடச் சொன்னார் நுஃமான். படகை வடிவேலின் ஆட்கள் கயிறு கட்டி மாடியிலிருந்து தெருவில் இறக்கினார்கள். முல்லா வீதியே வாசலில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. அப்படியும் சுவரில் மோதாமல் இறங்கிவிட்டது.

தேங்காய்த்திட்டு ஆற்றங்கரை. காலை வெயில் இதமாக இருந்தது. தண்ணீர் எண்ணெய் ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் படகை மிதக்கவிட்டு, துணைக்குக் கொண்டுவந்த தன் மோட்டார் படகைப் பக்கத்தில் கட்டிவிட்டு, வடிவேல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். மிதந்தது! வெளிர்மஞ்சள் நிறத்தில், வாழைப்பூ மடல் மாதிரி, அழகாக மிதந்தது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று ரமீஜா நினைக்கவேயில்லை.

நுஃமான் மட்டும் கரையிலேயே நின்றார்.

“ஏறுங்க பாய்!”

“இருடா.” புதுப்பட்டை வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த ஒட்டு இன்னும் சரியா காயலியோன்னு ஒரு இது.”

“கல்லு மாதிரி காஞ்சிடுச்சு பாய். நான் குத்திப் பாத்துட்டேன்.”

“வெயில் ஏறினா மறுபடி…” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ரமீ, நான் ஒண்ணு யோசிச்சேன். இத ஏன் தண்ணில போட்டு வீணாக்கணும்? கடையில கூரைக்குக் கீழ ரெண்டு கொக்கி அடிச்சு மாட்டிட்டா, வர்றவங்க போறவங்க பாப்பாங்கல்ல?”

ரமீஜா இடுப்பில் கைவைத்தாள்.

“கூரையில மாட்டறதுக்கா என் மொட்ட மாடிய குடுத்தேன்? வடகம் போட எடமில்லாம இந்த வருஷம் பூரா வத்தல் வடகம் கடையில வாங்கினேன், தெரியுமா?”

“இல்ல புள்ள, எதுக்கும் இன்னொரு வாரம்…”

இன்னொரு வாரம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு வாரம் என்றால் இன்னொரு மாதம். இன்னொரு மாதம் என்றால் ஃபேன். மனுஷனுக்குத் தண்ணீரைப் பார்த்துப் பயமில்லை. தன் கையைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. அதுதான் ஆபத்து.

செருப்பைக் கழற்றினாள். வடிவேலிடம், “அந்தச் சட்டையைக் குடு” என்று ஆரஞ்சு மிதவைச் சட்டையைப் பிடுங்கிச் சுடிதாருக்கு மேலே மாட்டிக்கொண்டாள். துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கி முடிந்தாள். தண்ணீருக்குள் இறங்கினாள்.

“ரமீ! எங்க போற?”

“வெள்ளோட்டத்துக்கு.”

“ஒனக்கு நீச்சல் தெரியாதுடி!”

“தெரிஞ்சவ நீஞ்சிப் போயிடுவா. தெரியாதவளுக்குத்தான் தோணி வேணும்.”

வடிவேல் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்து காலை நீட்டினாள். ஒரு பக்கம் சாய்ந்தாள். மறுபக்கம் சாய்ந்தாள். யா அல்லா என்று கண்ணை மூடினாள். திறந்தபோது படகு நேராக நின்றுகொண்டிருந்தது. அடியில் தண்ணீர் மெதுவாகத் தட்டுவது தொடையில் தெரிந்தது. அந்த மெல்லிய பட்டைகளுக்கு அந்தப் பக்கம் ஆறு. இந்தப் பக்கம் அவள். நடுவில் நுஃமானின் கை.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கையை அவள் முப்பது வருஷமாக அறிவாள்.

“வுடு வடிவேலு.”

“அக்கா…”

“வுடுன்றேன்.”

விட்டான். அவள் துடுப்பைத் தண்ணீரில் ஒரு குத்துக் குத்தினாள். படகு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. அவளுக்கே வாயிலிருந்து ஒரு கூச்சல் வந்தது, சின்னப்பெண் மாதிரி.

“ரமீ! ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போடு!” கரையில் நுஃமான் கத்தினார். “அப்படி இல்ல! துடுப்பு தலகீழா புடிச்சிருக்க! முதுவ நேரா வையி! ஏய் வடிவேலு, எங்க போவுது பாரு, சொல்லுடா அவகிட்ட!”

“நீங்களே சொல்லுங்க பாய், ஒங்க பொண்டாட்டி!”

நுஃமான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோடு ஓட ஆரம்பித்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். படகு வலை கட்ட நட்டிருந்த குச்சிகளைத் தாண்டி, மீன்பிடிப் படகுகள் கட்டியிருந்த பக்கமாக, யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

“ரமீ! திரும்பு! திரும்புடி!”

“எப்படிங்க திருப்பறது?”

“என்னாது?”

“திருப்பறது எப்படி? அத நீங்க சொல்லவேயில்லியே!”

நுஃமான் கரையில் சடாரென்று நின்றார். தலையில் கைவைத்தார். வீடியோவில் அந்தக் கிழவர் நேராகப் போனதைத்தான் மனுஷன் பார்த்திருந்தார். திரும்பி வந்ததைப் பார்க்கவேயில்லை.

“வடிவேலு! ஒன் போட்ட எடுடா!”

மோட்டார் படகு உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்தபோது ரமீஜா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் கையளைந்துகொண்டிருந்தாள். நுஃமான் எட்டிக் குனிந்து இரண்டு கையாலும் தன் படகின் ஓரத்தைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. முதலில் ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவினார். பிறகு குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

“தண்ணி ஏதாச்சும் உள்ள வந்துச்சா?”

“சொட்டு இல்ல.”

அவர் முகம் மலர்ந்ததை ரமீஜா ஆசைதீரப் பார்த்தாள்.

“எறங்கு” என்றார் நுஃமான். “எறங்குன்றேன். இந்தப் போட்டுல ஏறி, ஓரமா உக்காந்து பாரு. எப்படித் திருப்பறதுன்னு நான் காட்டறேன்.”

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அதுக்காக?”